முதல் கிளாமர் ஷூட், எப்படி ரெடியாகுறது?

வண்ணாரப்பேட்டை பொண்ணு:
வர்ற ஞாயித்துக்கிழமை போர்ட்ஃபோலியோ ஷூட் (மாடலிங் சான்ஸ் கேக்கும்போது காட்டுற போட்டோக்கள்), காலைல காசிமேடு கடற்கரை, அப்புறம் ஸ்டுடியோல ரெண்டு டிரஸ். வெள்ளிக்கிழமை ஃபேஷியல் பண்ணலாமா? கையும் ஓடல காலும் ஓடல, சொல்லுங்கப்பா.

மேக்கப் அக்கா, ராயபுரம்:
இப்ப வேணாம்மா, ஃபேஷியல் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு பரு கிளம்பும், பண்றதுன்னா ஒரு வாரம் முன்னாடியே பண்ணியிருக்கணும். வாக்சிங் மட்டும் வெள்ளிக்கிழமை முடிச்சிடு. ஷூட் அன்னிக்கு லூஸான நைட்டியோ குர்தாவோ போட்டுட்டுப் போ, இறுக்கமா போட்டா இடுப்புல தோள்ல எலாஸ்டிக் தடம் விழும், அது மறையுற வரைக்கும் எல்லாரும் உன்னையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பீச்சுல போட்ட சன்ஸ்கிரீன ஸ்டுடியோ போனதும் கழுவிடு, ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருந்தா ஃபிளாஷ்ல முகம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வரும்.

கேமராக்காரன்:
காசிமேடுன்னா விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க, சூரியன் கடல் பக்கம் ஏர்ற கொஞ்ச நேரம்தான் லைட்டு சூப்பரா இருக்கும், எட்டு மணி ஆச்சுன்னா கண்ணு கூசும். ஹீல்ஸ பையில வெச்சுக்கங்க, மீன் தண்ணில வழுக்கும். வாசனைக்கு நான் பொறுப்பில்ல.

பழைய மாடல்:
தனியா போகாத. எந்த டிரஸ், போட்டோவ எங்க போடுவாங்க எல்லாம் எழுதி வாங்கு. ரிஜிஸ்ட்ரேஷன்னு ஒருத்தன் எங்கிட்ட 5,000 ரூபா வாங்கிட்டு, அப்புறம் ஃபோனையே எடுக்கல.

வண்ணாரப்பேட்டை பொண்ணு:
தேங்க்ஸ்க்கா, சித்திய கூட்டிட்டுப் போறேன்.