துபாயில் இருந்து புது கார் கொண்டு வந்தால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

மலைக்கோட்டை79:
6 வருஷம் துபாயில் இருந்துவிட்டு ஏப்ரலில் திருச்சிக்கே திரும்புகிறேன். இங்கே ஒரு பெரிய பெட்ரோல் எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறேன், 1,60,000 திர்ஹம் சொல்கிறார்கள், கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து சென்னைத் துறைமுகம் வந்து சேர 40 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டேன். கஸ்டம்ஸில் 100% என்கிறார் ரூம் நண்பர். அப்படியென்றால் 80 லட்சத்தில் முடிந்துவிடும்தானே? நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டாமே, அது காருக்கும் கிடைக்குமா? நாளை மறுநாள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள்.

துறைமுகவாசி:
கட்டிவிடாதீர்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

மலைக்கோட்டை79:
இடது பக்கம்தான். இங்கே எல்லாமே அப்படித்தானே அண்ணா.

துறைமுகவாசி:
அப்போது கதை அங்கேயே முடிந்தது. புதுசோ பழசோ, வலது பக்க ஸ்டியரிங் இருந்தால்தான் இந்தியாவுக்குள் விடுவார்கள். நீங்கள் கேட்ட சலுகை வீட்டுச் சாமான்களுக்கு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி, காருக்குக் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
வலது ஸ்டியரிங் கார் என்றே வைத்துக்கொள்வோம், 80 லட்சத்தில் நிற்காது தம்பி. வண்டி விலை 40,000 டாலரைத் தாண்டிவிட்டதால் 70% சுங்க வரி, அதற்கு மேல் 40% விவசாய உள்கட்டமைப்பு செஸ் (2025 பட்ஜெட்டில் இப்படிப் பிரித்தார்கள், மொத்தம் 110%). 40 லட்சத்துக்கு 44 லட்சம். ஆச்சா, 84. இப்போது ஜிஎஸ்டி 40%, அதுவும் 40 லட்சத்துக்கு இல்லை, 84 லட்சத்துக்கு! எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். 33.6 லட்சம் சேர்ந்து 117.6. அப்புறம் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20%, அது ஒரு 23.5. மொத்தம் 141 லட்சம். கூகுளில் பார்க்கிற டாலர் விலையும் செல்லாது, சுங்கத் துறை அறிவிக்கிற மாற்று விகிதம்தான் கணக்கு.

மச்சான்_லண்டன்:
பட்டவன் சொல்கிறேன். நான் இங்கிலாந்திலிருந்து வலது ஸ்டியரிங் வண்டிதான் அனுப்பினேன், வரிப் பணமும் தயாராக வைத்திருந்தேன். இன்வாய்ஸில் சேஸிஸ் நம்பரில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ அடித்திருந்தார்கள். அந்த ஒரு எழுத்துக்குத் திருத்தக் கடிதம் வரும் வரை 11 நாள் கன்டெய்னர் அப்படியே கிடந்தது, தினமும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறியது. வெயிலில் வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, உரித்துத்தான் எடுத்தேன். இன்னொன்று, அங்கே ஒரு நாள் உங்கள் பேரில் பதிவு செய்தாலும் இங்கே அது பழைய கார், அதற்கு வரியும் கூட, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் இறக்க முடியும்.

மலைக்கோட்டை79:
நன்றி அண்ணன்களே, அட்வான்ஸ் கட்டவில்லை. 141 லட்சம் என்றதும் வீட்டம்மா, ‘கே.கே.நகரில் வீடே வாங்கலாமே’ என்று போனை வைத்துவிட்டாள். காருக்கென்று ஆசையாக வாங்கிய டேஷ் கேமரா மட்டும் கையில் இருக்கிறது, அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தால் அதற்கும் ஏதாவது கேட்பார்களா?