பெயர்ப் பட்டியலில் கனகா எங்கே வரவேண்டும்? தரவுத்தளத்தின் இயல்பு வரிசைமுறை குறித்த விவாதம்

குறிப்புத் தொகுப்பவர்:

குழு நண்பர்களுக்கு வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் 18ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. 13ஆம் பதிப்புக்கான ஆதரவு அதே ஆண்டு நவம்பரோடு முடிந்தது. ஆகவே நம்மில் பலர் பழைய தரவுத்தளத்தை டம்ப் (முழு நகல்) எடுத்துப் புதியதில் ஏற்றப் போகிறோம். அந்த வேலையில் இறங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: புதிய தரவுத்தளத்தை உருவாக்கும்போது, 17ஆம் பதிப்பில் அறிமுகமான உள்ளமைந்த சி.யுடிஎஃப்-8 கொலேஷனையே (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பு) இயல்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட் தந்த எண்ணின் வரிசையை மட்டுமே பார்ப்பதால் வேகமானது. இயக்குதளம் மாறினாலும் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) கெடாது. மனிதர் கண்ணில் படும் பட்டியலுக்கு மட்டும், வினவலில் ஆர்டர் பை என்று வரிசை கேட்கும் இடத்தில், ஐசியு என்னும் யூனிகோட் நூலகம் தரும் தமிழ்க் கொலேஷனைக் குறிப்பிட்டால் போதும்.

அறிக்கை எழுதுபவள்:

இந்தப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வை அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வை அடுத்தும், ‘வ’ என்பது ‘ழ’வுக்குப் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. எனவே எண் வரிசையில் கனகா, கமலா, கலா, கவிதா என்று வரும். நாம் பள்ளியில் படித்த வரிசையிலோ கமலா, கலா, கவிதா, கனகா என்றுதான் வரவேண்டும். ஆர்டர் பையில் குறிப்பிட்டால் போதும் என்கிறீர்கள். ஒரு கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் நாங்கள் அப்படித்தான் செய்திருந்தோம். அடுத்த பக்கத்தைக் கொண்டுவரும் வினவலில், ‘முந்தைய பக்கத்தின் கடைசிப் பெயரைவிடப் பெரியது’ என்ற நிபந்தனைக்குக் கொலேஷனைச் சேர்க்க ஒருவர் மறந்துவிட்டார். முதல் பக்கம் கவிதாவோடு முடிந்தது. நிபந்தனையோ எண் வரிசைப்படி ஒப்பிட்டதால், கவிதாவுக்கு முன்னால் நிற்கும் கனகா அடுத்த பக்கத்திலும் வரவில்லை. எந்தப் பக்கத்திலுமே வரவில்லை. பிழைச்செய்தி எதுவும் எழாததால், மாணவியே வந்து கேட்டபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வினவலிலும் ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய ஒன்றைப் பாதுகாப்பான வழி என்று புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள். தரவுத்தளம் முழுமைக்கும் ஐசியு தமிழை இயல்பாக வைக்கும் வசதி 15ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

குறிப்புத் தொகுப்பவர்:

நீங்கள் சொல்லும் பக்கப் பிழை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பட்ட அடி வேறு. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018இல் வந்த 2.28 பதிப்பு தன் வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. அந்த நூலகத்தோடு வந்த புதிய இயக்குதளங்களுக்கு மாறியவர்களின் உரை இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே கட்டப்பட்டுக் கிடந்தன. எங்கள் சர்வரில் இரட்டிப்பைத் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் இருந்தும் ஒரே பெயர் இருமுறை நுழைந்தது, ஏனெனில் புதிய விதிப்படி தேடிய தரவுத்தளத்துக்குப் பழைய இடத்தில் இருந்த வரி தென்படவேயில்லை. ஐசியுவும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியதே. கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கும் என்பது சரிதான். அந்த எச்சரிக்கையை லாகில் படிப்பவர் எத்தனை பேர்? கனகா விடுபட்டால் கனகா வந்து கேட்பார், இண்டெக்ஸ் கெட்டால் யார் வந்து கேட்பார்?

அறிக்கை எழுதுபவள்:

ரீஇண்டெக்ஸ் செய்தால், அதாவது இண்டெக்ஸை மறுபடி கட்டினால், தீரும் சிக்கலுக்காக, நாள்தோறும் நிகழக்கூடிய பிழையைச் சுமக்கச் சொல்கிறீர்கள்.

பழைய டிபிஏ:

இருவரும் ‘தரவுத்தளம் முழுமைக்கும்’ என்பதைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதால், தரவுத்தள நிர்வாகி (டிபிஏ) என்ற முறையில் குறுக்கிடுகிறேன். கொலேஷனை நெடுவரிசை அளவிலேயே அறிவிக்கலாம். ஐசியு கொலேஷன்கள் 10ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டன. இயல்பு சி.யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். பெயர், ஊர் போன்ற நெடுவரிசைகளுக்கு மட்டும் டேபிள் உருவாக்கும்போதே தமிழ்க் கொலேஷனைக் கொடுத்துவிட்டால், அம்மணி சொன்ன நிபந்தனையும் ஆர்டர் பையும் தாமாகவே ஒரே வரிசையைப் பின்பற்றும். இயக்குதளம் மாறும்போது மறுபடி கட்டவேண்டிய இண்டெக்ஸ்களும் அந்தச் சிலவே. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அத்தகைய நெடுவரிசையில் லைக் கொண்டு முன்னொட்டுத் தேடல் (பெயரின் தொடக்க எழுத்துகளை வைத்துத் தேடுவது) செய்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் வகையில் தனி இண்டெக்ஸ் வேண்டும். மேலும் ‘அக’ என்று தேடினால் அகிலாவும் அக்கம்மாவும் சேர்ந்தே வருவார்கள், ஏனெனில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி யூனிகோட் குறிகள். இதைப் பிழை என்று எனக்கு வந்த புகார்களுக்கு அளவில்லை.

ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னால் கவனிக்க வேண்டியது உள்ளே நுழையும் எழுத்து. ‘கொ’ என்பதை இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், சமக்குறியோ வேறு என்று சொல்லும். 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் செயற்கூறு இதைச் சரிசெய்யும். என்எஃப்சி என்னும் சேர்ந்த குறி வடிவில் இல்லாததை மறுக்கும் செக் கட்டுப்பாட்டையும் டேபிளில் வைக்கலாம்.

அறிக்கை எழுதுபவள்:

நெடுவரிசை அளவில் என்றால் எனக்கு மறுப்பில்லை, ஐயா. ஆனால் நார்மலைஸ் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ‘கௌரி’ என்னும் பெயரைப் பாதிப் பேர் கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரி’ என்றே தட்டுகிறார்கள். கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். யூனிகோட் விதி அதைத் தொடாது. ஸகரத்தால் எழுதும் ஸ்ரீ, 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தால் எழுதும் ஶ்ரீ ஆகியவற்றின் கதையும் அதுவே.

குறிப்புத் தொகுப்பவர்:

பரிந்துரையை நெடுவரிசை அளவுக்குத் திருத்திவிடுகிறேன். ‘கெள’ வருமிடமெல்லாம் ‘கௌ’ என்று தானாகவே மாற்றும் ஒரு டிரிக்கரையும் சேர்த்துவிடலாமா?

பழைய டிபிஏ:

வேண்டாம், கெளுத்தி மீன் செத்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றலாம் என்றால், அந்த விதி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சான்றிதழில் ‘கெளரி’ என்று அச்சான பெயரை நாம் தொடக் கூடாது. மூலப் பெயரை அப்படியே வைத்துவிட்டு, திருத்திய வடிவத்தைத் தானாகக் கணக்கிடப்படும் ஜெனரேட்டட் நெடுவரிசையாகத் தனியே சேமித்து அதில் தேடுங்கள்.

அறிக்கை எழுதுபவள்:

வரிசைப்படுத்துவதற்கும் அந்த நெடுவரிசையையே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டு கௌரிகளும் பட்டியலில் வெகு தொலைவில் நிற்பார்கள்.