புலம்பெயர் இளையோருக்கான சிறுதொழில் பயிற்சி: பாதியில் ஆள் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கரும்பலகை:
வணக்கம். புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 12 வாரச் சிறுதொழில் பயிற்சி ஒன்றைத் திட்டமிடுகிறேன். வாரம் இரண்டு மாலை, இரண்டிரண்டு மணி நேரம். முதல் ஆறு வாரம் வணிகத் திட்டம் எழுதுவது, பிறகு விற்பனை. இதில் எதை மாற்றலாம்? பிள்ளைகள் புது மொழியில் பேச்சளவில் சமாளித்துவிடுவார்கள்.

நடைவண்டி:
வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ‘பேச்சளவில் சமாளிப்பார்கள்’ என்பதுதான் ஏமாற்றும். அன்றாடப் பேச்சு வேறு, பாடமொழி, அதாவது பாடத்தைப் படிக்கவும் எழுதவும் வேண்டிய மொழி, வேறு என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடமொழியில் வகுப்புத் தோழர்களை எட்ட ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். வணிகத் திட்டம் முழுக்கப் பாடமொழி. கடையில் சரளமாகப் பேசுகிற பிள்ளை ‘இலக்குச் சந்தை’ (யாருக்கு விற்பது) என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி ஓடாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் வராது.

முதல் வாரமே வெளியே அனுப்புங்கள். இருவர் சேர்ந்து, தங்கள் பொருள் தீர்க்க நினைக்கும் தொல்லையைப் பற்றி ஐந்து பேரைக் கேட்கட்டும், கேள்வி மூன்றே மூன்று: இந்தத் தொல்லை கடைசியாக எப்போது வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது? ‘இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா’ என்று மட்டும் கேட்கவிடாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பதில் தாய்மொழியில் வந்தால் அப்படியே குறிக்கட்டும். வகுப்பில் சேர்ந்து மொழிபெயர்க்கும்போது அந்தச் சொற்களே பாடமாகிவிடும். திட்டத்தை எட்டாவது வாரத்தில் எழுதினால் போதும், அதற்குள் எழுத விஷயம் சேர்ந்திருக்கும்.

தராசு:
அடக்கவிலை கணக்கிடுவதில் தவறாமல் சறுக்குவார்கள். 20 துணிப்பைக்குத் துணி, நூல், வார் எல்லாம் சேர்த்து 400 என்று வையுங்கள். ஒன்றுக்கு 20, விற்பது 30, லாபம் 10 என்று எழுதுவார்கள். இரண்டு பை தையல் கோணி வீணானால் விற்க இருப்பது 18. வரவு 540, மிச்சம் 140. பை ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் மொத்த உழைப்பு பதிமூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். மணிக்குப் பத்தரைதான் நிற்கிறது. இதைக் கரும்பலகையில் நீங்கள் போடாதீர்கள். கடிகாரத்தை வைத்து அவர்களே ஒரு பை தைத்துப் பார்க்கட்டும். அம்மா தைத்துக் கொடுத்த நேரமும் கணக்கில் வர வேண்டும்.

வாசற்படி:
வருகை குறைய மொழி மட்டும் காரணமில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் பெற்றோருடன் போய் மொழிபெயர்ப்பது எல்லாம் இந்தப் பிள்ளைகள் தலையில்தான். தொடங்கும் முன் வீட்டுக்குப் போய் எந்த மாலை முடியும் என்று கேளுங்கள். குடும்பத்துக்கு என்னென்ன வேலை தெரியும் என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் அவருடைய சகாக்களும் 1990-களின் தொடக்கத்தில் காட்டிய வழி இது: ஆசிரியர் வீட்டுக்குக் கற்றுக்கொள்ளப் போக வேண்டும். மொழிபெயர்க்க வேறொரு பெரியவரை அழைத்துப் போங்கள், பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

முதல் விற்பனைக்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். சில விசாக்களில் சுயதொழிலே கூடாது. பிரிட்டனின் மாணவர் விசா அப்படித்தான். யார் எந்த விசா என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அறிவிப்பை அவரவர் மொழியில் கொடுங்கள். அனுமதியின்றிப் படம் எடுத்துப் போடாதீர்கள், அடைக்கலம் கேட்டு வந்த குடும்பத்துக்கு அது ஆபத்து.

கரும்பலகை:
மிக்க நன்றி. கடைசி வாரத்தில் ஒரே ஒரு விற்பனை நாள் போதுமா?

தராசு:
போதாது. ஆறாவது வாரம் ஒன்று, பத்தாவது வாரம் ஒன்று வையுங்கள். முதல் நாள் வாங்குபவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டாவது நாளை அவர்கள் புழங்காத இடத்தில் வைத்தால்தான் விலை சரியா என்று தெரியும்.