காலையில் பூட்டி மாலையில் திறக்கும் வீட்டுக்கு எந்தக் கிளி?

மாலைக்காற்று:
வணக்கம். வீட்டில் நாங்கள் இருவர், எட்டு வயதில் ஒரு மகள். இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை ஒன்பதுக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் கதவு திறக்கும். அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். பேசுகிற கிளி வேண்டும் என்று மகளுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அளவுக்கு வேறு எதுவும் பேசாது என்கிறார்கள். அதையே வாங்கலாமா, வேறு இனம் பார்க்கலாமா?

சாம்பல்சிறகு:
வாங்கலாம் சகோ. நான் வளர்ப்பதும் அதுதான், நானும் வேலைக்குப் போகிறவன்தான். சத்தத்தைப் பார்த்தால் காக்கட்டூ, சன் கான்யூர் என்ற கிளிகள் மாதிரி சுவரைத் துளைக்கிற அளவுக்குக் கத்தும் பறவை இல்லை இது. அறிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி ஆய்வு செய்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டால் சரியாகச் சொல்லும்.

தனிமைக்கு வழி, கிளிக்கு வேலை கொடுப்பது. கிளம்பும் முன் பாதாமைத் தாளில் சுற்றி அட்டைக் குழாய்க்குள் திணித்து, இரு முனையையும் மடித்து வைத்துவிடுவேன். ஒரு காலால் குழாயைப் பிடித்து, அலகால் ஓரத்திலிருந்து கீற்றுக் கீற்றாகக் கிழித்து, நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி கிழிக்கும். இப்படி நாலைந்து இடத்தில் ஒளித்து வைத்தால் பகலில் பெரும்பகுதி தேடுவதிலேயே போய்விடும்.

பட்ஜிவீடு:
சாம்பல்சிறகு அக்கறையோடு வளர்க்கிறார் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அலெக்ஸை இங்கே இழுப்பது சரியில்லை. அது ஆய்வகத்தில் வளர்ந்தது, பகல் முழுக்க அதோடு பேச ஆட்கள் இருந்தார்கள். இவர் வீட்டில் ஒன்பது மணி நேரம் யாருமே இல்லை. சலிப்பும் பதற்றமும் ஏறினால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதில் சாம்பல் கிளி பேர்போனது. நெஞ்சு வெறும் தோலாகத் தெரியும் கிளியைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பழகிவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு.

ஆயுளையும் யோசியுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது ஆண்டுக்கு மேலும் இருக்கும். இன்று எட்டு வயது மகளுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும். படிப்பு, வேலை, கல்யாணம் என்று அவள் போகிற இடமெல்லாம் கிளியும் போகுமா?

என் யோசனை பட்ஜி என்ற சின்னக் கிளி, அதுவும் இரண்டு. பேச்சும் வரும். உலகிலேயே அதிகச் சொற்கள் தெரிந்த பறவை என்று கின்னஸில் பதிவானது பக் என்ற ஆண் பட்ஜி, 1,728 சொற்கள்.

சாம்பல்சிறகு:
பக் கதையும் அலெக்ஸ் கதை போலத்தானே, விதிவிலக்கு. இரண்டு பட்ஜியைச் சேர்த்து வைத்தால் அவை தங்களுக்குள் கீச்சிடும், மனிதப் பேச்சைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் குறையும். ஒன்றே ஒன்று வைத்தால் பேசக்கூடும், ஆனால் கூட்டமாக வாழும் அந்தச் சின்னப் பறவைக்கும் ஒன்பது மணி நேரத் தனிமை கொடுமைதான். மகள் கேட்டது பேசும் கிளி. இந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பட்ஜிவீடு:
அதை ஒத்துக்கொள்கிறேன், ஜோடியில் பேச்சு குறையும். ஆனால் பேச்சை வைத்துக் கிளியைத் தேர்ந்தெடுப்பதே தலைகீழான வழி. பேசவே பேசாத சாம்பல் கிளிகளும் உண்டு. பேசவில்லை என்றால் அதை என்ன செய்வீர்கள்? அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறவர்தான் கிளி வாங்க வேண்டும்.

திறந்தவானம்:
இருவரும் இனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். கிளிக்கு இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இவர்கள் வருவது ஆறு மணிக்கு. கை கால் கழுவி, சமைத்து, மகளின் வீட்டுப்பாடம் பார்த்து நிமிர்ந்தால் எட்டு. கிளி தூங்க வேண்டிய நேரம் அது. அதே அறையில் பதினொன்று வரை டிவி ஓடும். தூக்கம் கெட்ட கிளி கடிக்கும், கத்தும். அப்புறம் "இந்த இனமே இப்படித்தான்" என்று பழியை அதன் மேல் போடுவோம்.

இன்னொன்று: 2016இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை முதலாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. மனிதருக்காகப் பிடித்துப் பிடித்தே காட்டில் அருகிப்போன பறவை அது. இந்த நேர அட்டவணைக்கு எந்தக் கிளியும் வேண்டாம் என்பதே என் கருத்து.

சாம்பல்சிறகு:
காட்டுக் கிளி வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. வளர்ப்பில் பிறந்ததா, குஞ்சாக இருக்கும்போதே காலில் போட்ட மூடிய வளையம் இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது.

ஆனால் தூக்கக் கணக்கு அவ்வளவு இறுக்கமானது இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பறவை நாம் தரும் வெளிச்சத்தைப் பின்பற்றும். தனி அறையில் தடித்த திரை போட்டு இரவு ஒன்பதரைக்கு இருட்டாக்கி, காலை ஏழரைக்குத் திறந்தால் பத்து மணி நேரம் கிடைத்துவிடும். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

திறந்தவானம்:
தனி அறை இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே.

கொண்டைக்காரி:
நடுவில் வருகிறேன். காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளி பற்றி யாரும் பேசவில்லை. அளவு சின்னது, ஆயுள் பதினைந்து இருபது ஆண்டு, சுபாவம் மென்மை. ஆண் பறவை ஓரிரு சொல் பேசும், விசில் அருமையாக அடிக்கும். இரவில் திடீரென்று பயந்து கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, ஒரு சின்ன இரவு விளக்கு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இறகுத் தூள் மட்டும் கொட்டும், தினமும் துடைக்க வேண்டும்.

மாலைக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. தூள் என்றதும்தான் கேட்கத் தோன்றுகிறது. என் மனைவிக்கு வீசிங் உண்டு. அது ஏதாவது பாதிக்குமா? தனி அறையும் எங்களிடம் இல்லை.

கொண்டைக்காரி:
அப்படியானால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காக்கட்டீல், காக்கட்டூ, சாம்பல் கிளி மூன்றுமே மாவு போல் தூள் உதிர்ப்பவை. வேண்டவே வேண்டாம்.

சாம்பல்சிறகு:
வீசிங் என்றால் சாம்பல் கிளி வேண்டாம் என்று நானும் சொல்வேன். தூள் குறைவாக இருக்க வேண்டும் என்றால் கிரீன் சீக் கான்யூர் பார்க்கலாம். விளையாட்டுத்தனம் அதிகம், மற்ற கான்யூர்களை விட சத்தம் குறைவு. பேச்சு தெளிவாக வராது. பருவ வயதில் கடிக்கும்.

பட்ஜிவீடு:
கான்யூரும் ஆளைத் தேடும் பறவைதான், ஒன்றை மட்டும் விட்டுப் போனால் அதே தனிமைதான். நான் பட்ஜியிலேயே நிற்கிறேன். ஆனால் அதற்கும் தூள் உண்டு, சாம்பல் கிளியை விடக் குறைவு அவ்வளவுதான். முதலில் மனைவி தன் மருத்துவரிடம் கேட்கட்டும், பிறகு பறவை வளர்க்கும் நண்பர் வீட்டில் சில முறை நேரம் செலவழித்துப் பார்க்கட்டும். மூச்சு திணறினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஒத்துவந்தால் இரண்டு ஆண் பட்ஜி எடுங்கள். முட்டைத் தொல்லை இருக்காது. வளர்ந்த பறவையில் அலகுக்கு மேல் இருக்கும் சதை நீலமாக இருந்தால் பொதுவாக ஆண், பழுப்பென்றால் பெண். குஞ்சில் இது தெரியாது.

மகளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும்: பறவையைக் கைக்குள் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அன்போடு அணைத்தாலும் மூச்சு நின்றுவிடும். விரலை நீட்டி, அதுவாக வந்து ஏறும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

திறந்தவானம்:
எட்டு வயதுக் குழந்தை காத்திருக்கும் என்று நம்பி ஓர் உயிரை வாங்கச் சொல்வது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கூண்டைச் சுத்தம் செய்வது பெற்றோரில் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

மாலைக்காற்று:
நான்தான் செய்வேன். மகளிடம் இரவு உட்கார்ந்து பேசினோம். பேசாமல் போகலாம் என்றதும் முகம் வாடியது. அப்புறம் "இரண்டு இருந்தா அதுங்களுக்கு போர் அடிக்காதுல்ல?" என்று கேட்டாள். சாம்பல் கிளி எண்ணத்தை விட்டுவிட்டோம். மனைவி மருத்துவரைப் பார்த்த பிறகுதான் பட்ஜி பற்றி முடிவு.

சாம்பல்சிறகு:
நல்லது. பட்ஜி என்றால் சின்னக் கூண்டு போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உயரத்தை விட அகலம் முக்கியம், உட்காரும் இரு கொம்புக்கு இடையே சிறகடித்துப் பறக்க இடம் வேண்டும். கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். சமையலறையில் நான்ஸ்டிக் பாத்திரம் இருந்தால் பறவை வரும் முன் வெளியேற்றிவிடுங்கள். அதிகம் சூடானால் வரும் புகை மனிதருக்குத் தெரியாமலேயே பறவையைக் கொன்றுவிடும்.