புதுப்பிப்பு: அம்மாவின் இன்சுலின் விஷயம்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் அம்மாவுக்கு ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறி இறங்குகிறதே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணத்தைக் கண்டுபிடித்தவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' (2021-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம்) குழுவில் வீட்டுக்கு வரும் நர்ஸ்.

பிரஷர் பார்த்ததோடு அவர் கிளம்பவில்லை. "எங்கம்மா ஊசி போடுறீங்க, காட்டுங்க" என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு வலப்பக்கம் கெட்டியாக ஒரு தடிப்பு. அங்கே வலி குறைவு என்று அம்மா அதே இடத்திலேயே போட்டு வந்திருக்கிறார். தடித்த சதையில் மருந்து சீராக உடம்பில் சேராது. இனி ஒவ்வொரு முறையும் விரலகலம் தள்ளி, வயிறு, தொடை என்று மாற்றிப் போட வேண்டும். நல்ல இடத்துக்கு மாறினால் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்று டாக்டரிடம் போனில் பேசி, அளவையும் குறைத்து வாங்கித் தந்தார். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: இடம் மாற்றும் முன் அளவைக் கேளுங்கள்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை சாப்பிட வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

பாதத்தையும் பார்த்தார். மரத்த காலைக் குளிருக்கு அடுப்பில் காட்டவே கூடாதாம், சுட்டாலும் தெரியாது. நம் மலையில் யார் இதைச் சொல்கிறார்கள்!

இப்போது சர்க்கரை நிதானமாக இருக்கிறது. அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் அவரிடம் காட்டப் போகிறோம்.