முப்பது ரூபாயும் ஒரு கைப்பிடி உப்பும்

வேலை, கடன், ஆஸ்பத்திரி, பஸ் என்று ஓடுகிற நாட்களில், கோவிலுக்கு வெளியே, "சாமி இங்கேதான் எங்கேயோ இருக்கிறது" என்று தோன்றிய நேரம் உங்களுக்கு உண்டா? மலையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

ஊட்டி மார்க்கெட்டிலிருந்து

எனக்கு உண்டு. ஆனால் வந்தபோது தெரியவில்லை, மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை.

மார்க்கெட்டுக்குள் சின்னக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. போன ஜனவரியில் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். கடையைப் பார்க்க ஆளில்லை. கேரட் விலை மேட்டுப்பாளையம் மண்டியில் சரிந்தால் இங்கே விடிவதற்குள் சரிந்துவிடும். புதன்கிழமை ஆனால் குழுத் தவணை கட்டியாக வேண்டும். உறைபனிக் காலம் வேறு. காலையில் தார்ப்பாயை உதறினால் பனி பொரிப்பொரியாகக் கொட்டும்.

அப்போது ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டி வந்து நின்றார். தலையில் மேரக்காய் மூட்டை, கையில் நாலு கட்டு கீரை. "ஓரமா உக்காந்துக்கட்டுமா கண்ணு?" என்றார். இடமில்லை என்றேன். இடம் இருந்தது. பக்கத்துக் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார் போல, பாட்டி திரும்ப என் கடை முன்னாலேயே வந்து நின்றார். மணி எட்டே முக்கால். வீட்டுக்காரர் வீட்டில் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருப்பார். "சரி, உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் கடையைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். தெரியாத ஆளை நம்பி அல்ல, வேறு வழியில்லாமல்.

திரும்பி வரும்போது பதினொன்றரை. விற்ற பணத்தைத் தராசுக்கு அடியில் வைத்திருந்தார். எத்தனை கிலோ போனது என்று விரல் விட்டுச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், முப்பது ரூபாய் குறைந்தது. அன்றைக்கு இருந்த எரிச்சலில் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது, தராசுக்குக் கீழே விரித்திருந்த சாக்கின் மடிப்பில் இருந்தது அந்த முப்பது ரூபாய்.

மறுநாள் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்தார், அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் பணத்தை நீட்டினேன். "வேண்டாம் கண்ணு, வச்சுக்கோ" என்பார் என்று எதிர்பார்த்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கி, ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்த்து முடிந்துகொண்டார்! அதற்கப்புறம் தினமும் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கடை அவர் பொறுப்பு.

ஏப்ரலில் மாரியம்மன் தேர். ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும், தேர் வரும்போது அதன் மேல் உப்பு வீசுவோம். உப்பு கரைகிற மாதிரி கஷ்டம் கரைய வேண்டும் என்று வேண்டுதல். நானும் வருடம் தவறாமல் வீசுகிறவள்தான். இந்த முறை கையில் உப்போடு நின்றபோது, கோவிலின் பழைய கதை நினைவுக்கு வந்தது. இங்கே செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய காலத்தில், வடக்கேயிருந்து இரண்டு பெண்கள் வந்து தங்க இடம் கேட்டார்களாம். வியாபாரிகள் ஒரு மரத்தடியைக் காட்டினார்களாம். அதனால்தான் மாரியும் காளியும் இங்கே ஒரே பீடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார்கள். சந்தைக்கடை மாரியம்மன் என்று பேர் வந்ததும் அதனால்தான்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அவர்கள் எதையும் கொடுக்க வரவில்லை, இடம் கேட்டுத்தான் வந்தார்கள் என்பது மட்டும் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கேட்டது செவ்வாய்க்கிழமை. இல்லை என்று சொன்னது நான்.

பாட்டி அம்மன் என்று சொல்ல வரவில்லை. அம்மன் டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கேட்பாளா தெரியாது. கடன் கரையவும் இல்லை. அன்றைக்கு உப்பை வீச மட்டும் கை கொஞ்சம் கூசியது.

காந்தலிலிருந்து

அக்கா, நான் டாக்ஸி ஓட்டுகிறேன். மே 3 எங்கள் குருசடித் திருவிழா, சிலுவைக் கோவில் திருவிழா. சீசனும் அதே நேரம்தான் வரும். ஒரு வருடம் சவாரியை விட முடியாமல் பூசைக்குப் போகவில்லை. குன்னூர் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன. என் வண்டியில் இருந்தவர்கள் என்னைத் திட்ட, நான் முன்னால் நின்ற வேனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். யார் முதலில் இறங்கினார்கள் என்று தெரியாது. டிரைவர்கள், டூரிஸ்ட்டுகள், ஒரு புதுமாப்பிள்ளை உட்பட எல்லோரும் இறங்கி, வண்டிகளை ஒடிக்க வைத்து, தள்ளி, ஓரத்து மண்ணில் ஏற்றி வழி விட்டோம். அந்த நேரத்தில் ஒரு ஆள் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு அதுதான் அன்றைய பூசை. ஆம்புலன்ஸ் போனதும் பழையபடி எல்லோரும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தோம். நானும்தான்.

கொடைக்கானலிலிருந்து

பாட்டி பாட்டியாகவே இருக்கட்டுமே. சாமி என்று பேர் வைத்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம், அதுதான் எனக்குப் பயம். குறிஞ்சியாண்டவர் கோவில் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது எவ்வளவு கூட்டம்! இனி 2030-ல்தான் பூக்கும். அதுவரைக்கும் அந்தச் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பச்சையாக அங்கேயேதான் நிற்கிறது. ஒருத்தருக்கு உட்கார இடம் கொடுக்க சாமி வந்து சொல்ல வேண்டுமா, அக்கா?

கோத்தகிரியிலிருந்து

கொடைக்கானல் அண்ணனுக்கு ஒன்று. எங்கள் படுகர் வழக்கில் ஹெத்தை என்றால் பாட்டி, மூதாட்டி. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் பேரகணி கிராமத்துக்கு நடந்து போவதும் ஒரு பாட்டியைப் பார்க்கத்தான். அதனால் பாட்டி, சாமி என்று இரண்டாகப் பிரிக்க எனக்கு வரவில்லை. இப்போது வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். பச்சைத் தேயிலை விலையை நம்பி வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு வருடமாகப் பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை. ஹாஸ்டல் படிக்கட்டைக் கூட்டுகிற அம்மா ராத்திரி நான் தாமதமாக வந்தால் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்று சொன்னாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, சமையலறையைப் பூட்டியிருப்பார்கள். ஆனாலும் கேட்பார்.

முப்பது ரூபாயை எண்ணி வாங்கினார் பாருங்கள், அங்கே நான் பாட்டி கட்சி.

ஊட்டி மார்க்கெட்டிலிருந்து, மறுபடியும்

கொடைக்கானல் தம்பி, நீங்கள் சொல்வது சரிதான். நியாயமாக அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது, என்ன செய்ய.

வீட்டுக்காரர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பிசியோதெரபி வாரம் ஒரு நாளாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பாட்டியின் நேரம் மாறவில்லை. இன்றைக்குத்தான் இன்னும் காணோம், பனி அதிகம். சாக்கை விரித்து வைத்திருக்கிறேன். நேற்று மிச்சமான மேரக்காய் அதன் மேல்தான் இருக்கிறது. ஒருவர் வந்து கிலோ என்ன விலை என்று கேட்கிறார். குறைத்துச் சொன்னால் பாட்டி என்னைச் சும்மா விட மாட்டார். அப்புறம் வருகிறேன்.