புது பிளக் போட்டும் 2-ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங்: எங்கிருந்து பார்ப்பது?

ஏத்தப்பாதை எழுதியது:

1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தலைமேல, பொறிக்கு உயர் வோல்ட் கொடுக்கிற தனித்தனி காயில். 90,000 கி.மீ. ஓடியிருக்கு, பிளக் அதுவரைக்கும் மாத்தினதே இல்லை. ஐடிலில் சுத்தமா நிக்குது. மூணாவது, நாலாவது கியரில் ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது, செக் இன்ஜின் லைட் மினுக்குது. ஸ்கேனரில் பி0302 எரர் கோடு (2-ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா எரியாம விட்டுப்போறது). வீட்டிலேயே இரிடியம் பிளக் நாலும் புதுசா போட்டாச்சு. ரெண்டு நாள் நல்லா ஓடிட்டு மறுபடி அதே கோடு. பிளக்கை மாட்டினதுல தப்பா, காயிலா, இன்ஜெக்டரா? எந்த வரிசையில பார்க்கணும்? கையில இருக்கிறது ஓபிடி ஸ்கேனர், மல்டிமீட்டர், ராட்செட் செட்.

நாலுசிலிண்டர் எழுதியது:

முதல்ல, லைட் மினுக்கும்போது அழுத்தி ஓட்டாதீங்க. சும்மா எரியுற லைட் வேற, மினுக்குற லைட் வேற. மினுக்கினா எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியுதுன்னு அர்த்தம். அந்தச் சூட்டுல உள்ளே இருக்கிற தேன்கூடு உருகி அடைச்சுக்கும். சோதனைக்கு ஓட்டினாலும் சில விநாடி போதும்.

ஐடிலில் நல்லா நின்னு லோடில் மட்டும் மிஸ் ஆனா, சந்தேகம் முதல்ல பொறி பக்கம்தான். த்ராட்டில் திறக்கத் திறக்க சிலிண்டருக்குள்ள காத்து நிறைய அடைஞ்சு அழுத்தம் ஏறுது. அந்த அழுத்தத்துல பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேணும். வேற சுலபமான வழி ஒண்ணு இருந்தா மின்சாரம் அதுல போயிடும். இதுக்கு நேர்மாறா, ஐடிலில் மட்டும் நடுங்கி ரேஸ் பண்ணா சரியாகிற வண்டியில வேக்கம் லீக் (இன்டேக்ல அளக்கப்படாத காத்து நுழையுறது), வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன் பக்கம் போகணும்.

இடம் மாத்திப் பார்க்கிற சோதனைக்குச் செலவே இல்லை. எது 2-ஆம் சிலிண்டர்னு மேனுவலைப் பார்த்து உறுதி பண்ணுங்க. பெரும்பாலும் டைமிங் செயின் பக்கமிருந்து எண்ணுவாங்க. இக்னிஷனை ஆஃப் பண்ணி, கனெக்டர் லாக்கை விடுவிச்சு, காயில் போல்ட்டைக் கழட்டுங்க. காயிலை நேரா இழுக்காம கொஞ்சம் திருப்பிட்டு இழுங்க, இல்லைன்னா பிளக்கை மூடுற காயிலோட ரப்பர் கிழியும். 2-ஆம் காயிலை 3-லயும், 3-ஆம் காயிலை 2-லயும் மாட்டி, கோடை அழிச்சுட்டு அதே ஏத்தத்துல ஓட்டுங்க. பி0303 (3-ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர்) வந்தா காயில் அல்லது அதோட ரப்பர். பி0302-ஏ வந்தா அடுத்து 2-ஆம் பிளக்கை 4-ஆம் பிளக்கோட மாத்துங்க. அதுக்கும் அசையலைன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருள்தான். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

காயிலுக்கு மல்டிமீட்டரை நம்பவேண்டாம். உள்ளேயே டிரான்சிஸ்டர் இருக்கிற காயிலில் பிரைமரி ஓம் அளவு எதையும் சொல்லாது. குளிர்ல ஓம் சரியா காட்டுற காயில்கூட சூடேறி லோடு விழும்போது உடையும்.

டார்க்ரென்ச் எழுதியது:

பிளக்கை மாட்டிய விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு நாளில் திரும்பி வரும் மிஸ்ஸிங்குக்கு அங்கேயும் காரணம் இருக்கலாம்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் பிளக்கோடு மரையும் சேர்ந்து வந்துவிடும். காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். கால் சுற்று தளர்த்திய பின் மறுபடியும் ஊதுங்கள். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் குழாய் சீல் போயிருக்கிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி இளகும், அதை வைத்துக்கொண்டு பிளக் மாற்றிப் பயனில்லை.

மாட்டும்போது ராட்செட் வேண்டாம். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் பிடித்து விரலால் திருகுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடினமாக இருந்தால் மரை மாறி ஏறுகிறது, உடனே பின்னால் திருப்புங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. மரை பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி. டார்க் ரென்ச் இல்லையென்றால் புது 14 மி.மீ. பிளக்கை விரலால் உட்காரும்வரை திருகிவிட்டு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று. ஒருமுறை மாட்டிக் கழற்றிய பிளக்குக்கு வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். இறுக்கம் குறைந்தால் பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது, முனை அளவுக்கு மீறிச் சூடாகும். மரையில் கிரீஸோ, மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ தடவாதீர்கள். உராய்வு குறைந்து அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகும், மரை நீண்டுவிடும்.

சாக்கெட் சாய்ந்தால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கீழே விழுந்த பிளக்கை மாட்டவே கூடாது, புதிதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். இரிடியத்தின் மைய முனை மிக மெல்லியது. இடைவெளியைக் கம்பி கேஜால் சரிபார்க்கலாம், நாணயம் போன்ற சரிவு கேஜை நுழைத்து நெம்பினால் முனை உடையும்.

பிளக்கின் வெப்ப எண்ணையும் பாருங்கள். என்ஜிகே, டென்ஸோவில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது முனையின் சூட்டை ஹெட்டுக்கு வேகமாக இறக்கும் வகை. பாஷில் நேர் எதிர். கம்பெனி மாற்றும்போது ‘அதே எண்தானே’ என்று எடுத்துத் தவறு செய்பவர்கள் அதிகம்.

ஃபியூல்ட்ரிம் எழுதியது:

ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்க்கும்போது ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, அதுல மாட்டிக்காதீங்க. மிஸ் ஆன சிலிண்டர்ல ஆக்ஸிஜன் செலவாகாம அப்படியே எக்ஸாஸ்டுக்கு வரும். ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். அதனால ‘லீன்’னு (பெட்ரோல் குறைவு) சொல்லும், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டும், அந்தத் திருத்தத்தைக் காட்டுற ஃபியூல் ட்ரிம் சதவீதம் மேலே ஏறும். இதைப் பார்த்துட்டு வேக்கம் லீக்கைத் தேட ஆரம்பிச்சா நாள்தான் வீணாகும். மிஸ்ஸிங்கை நிறுத்திட்டு அப்புறம் ட்ரிம்மைப் படிங்க. அப்பவும் ஐடிலில் +15, +20 சதவீதம் காட்டி 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இறங்கினா வேக்கம் லீக்.

ஏத்தப்பாதை எழுதியது:

காயில் 2-ஐயும் 3-ஐயும் மாத்தினேன். இப்ப பி0302, பி0303 ரெண்டுமே வருது! 2-ஆம் பிளக்கைக் கழட்டிப் பார்த்ததுல முனை வெளிர் பழுப்பு, இடைவெளியும் சரி. ஆனா வெள்ளைப் பீங்கான்ல மேலிருந்து கீழா பென்சில் கோடு மாதிரி ஒரு கருப்புக் கோடு. அது போக, உலோகத்துக்குப் பக்கத்துல சுத்திலும் பழுப்பு வளையம். எக்ஸாஸ்ட் கசியுதா?

நாலுசிலிண்டர் எழுதியது:

பழுப்பு வளையத்தை விட்டுடுங்க. உயர் வோல்ட் பீங்கானைச் சுத்தி எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கிறதால வர கறை, கசிவு கிடையாது.

கருப்புக் கோடுதான் விஷயம். பழைய பிளக்குல 90,000 கி.மீ.யில முனை தேய்ஞ்சு இடைவெளி அகலமாயிருக்கும், அதைத் தாண்ட காயில் அதிக வோல்ட் கொடுத்திருக்கும். அந்த வோல்ட் பீங்கான் மேலயே ஊர்ந்து உலோகத்துக்கு இறங்கி, ரப்பரோட உள்சுவர்ல கார்பன் பாதை ஒண்ணைச் சுட்டு வெச்சிருக்கும். நீங்க புது பிளக்கை அதே பழைய ரப்பருக்குள்ள சொருகினீங்க. ரெண்டே நாள்ல புதுப் பீங்கான்லயும் அதே கோடு விழுந்துடுச்சு. இப்ப கெட்ட ரப்பர் 3-க்குப் போயிடுச்சு, கெட்ட பிளக் 2-லயே நிக்குது. அதான் ஸ்கேனர்ல பி0302, பி0303 ரெண்டும் வருது. ரெண்டுல எது ஒண்ணு மிஞ்சினாலும் மறுபடி வரும்.

ரப்பரை டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ளே சாம்பல் நிறக் கோடோ ஊசித் துளையோ இருக்கும். துடைச்சா போகாது, வெந்து போன பாதை அது. ரப்பரும் ஸ்பிரிங்கும் தனியா கிடைச்சா நாலையுமே மாத்துங்க, மத்த மூணும் அதே வயசுதான். கிடைக்கலைன்னா அந்த ஒரு காயிலை முழுசா மாத்தணும். 2-ஆம் பிளக் கண்டிப்பா புதுசு. 3-ஆம் பிளக்கையும் கழட்டிப் பாருங்க, கோடு விழுந்திருந்தா அதுவும். புதுப் பீங்கானைக் கையால தொடாம சுத்தத் துணியால துடைச்சு மாட்டுங்க. ரப்பர் வாயோட உள்விளிம்புல சிலிக்கோன் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசா போதும். ஸ்பிரிங் தொடுற முனையில வேண்டாம்.

ஃபியூல்ட்ரிம் எழுதியது:

மாட்டினதும் கோடை அழிச்சுட்டு, ஸ்கேனர்ல மோடு 6 (ஈசியூவோட உள் சோதனை முடிவுகளைக் காட்டுற பகுதி) இருந்தா சிலிண்டர் வாரியா மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்க. எரர் கோடு வராத அளவு சின்ன மிஸ்ஸிங்கும் அதுல தெரியும். அதே ஏத்தத்துல 2-ம் 3-ம் பூஜ்யத்துலயே நிக்கணும். நிக்காம 2-ல மட்டும் எண் ஏறினா நாலு பிளக்கையும் கழட்டி, பெட்ரோலையும் காயிலையும் துண்டிச்சு, த்ராட்டிலை முழுசா திறந்து கம்ப்ரஷன் எடுங்க. மிகக் குறைஞ்ச சிலிண்டர், மிக அதிகமானதுல 75 சதவீதத்துக்குக் கீழே போனா குறை இன்ஜினுக்குள்ள. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு. 2-ம் 3-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர். ரெண்டும் சேர்ந்தே குறைஞ்சிருந்தா ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்க.